தோலுக்கு ஊசி, நெஞ்சுக்கு ஏன் படம்?

பெரகல சந்திக்கு மூன்று பக்கமிருந்தும் பஸ் வரும். ஹல்துமுல்லப் பக்கமிருந்து கொழும்பு பஸ், கொஸ்லந்தப் பக்கமிருந்து வெல்லவாய பஸ், மேலே அப்புத்தளையிலிருந்து பதுளை பஸ். அன்றைக்குத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் அக்கா ஒருவர் பதுளை பஸ்ஸிலிருந்து இறங்கி, ரோட்டைக் கடந்து, நான் உட்கார்ந்திருந்த தேத்தண்ணிக் கடைக்குள் நேரே வந்தார். கிளினிக் கொப்பியை மேசையில் வைத்து, அதற்குள்ளிருந்து ஒரு துண்டை உருவி நீட்டினார்.

“தம்பி, இத வாசிச்சுச் சொல்லுங்க. நான் போனது தோல் வருத்தத்துக்கு. இவங்க நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்றாங்க. கையில ஏதோ ஊசி போட்டுட்டு மூணு நாள் கழிச்சுத் திரும்ப வந்து காட்டணுமாம். எனக்கு டீ.பீ.ன்னு நெனைக்கிறாங்களா?”

கடைசி வரியைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. பக்கத்து மேசையில் ஆள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அரச மருந்தகங்களில் முப்பது வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். இதே கேள்வியைச் சன்னலுக்கு வெளியே நின்று பலர் கேட்டிருக்கிறார்கள். பின்னால் வரிசை நீண்டு கிடக்கும். அரை வசனத்தில் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. அன்றைக்குக் கடையில் வரிசை இல்லை. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டு இரண்டு பிளேன்டீ சொன்னேன்.

அக்காவுக்கு சொரியாசிஸ் வந்து பதினைந்து வருஷம். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள். முழங்கை, முழங்கால், முதுகு, தலை என்று சிவந்து தடித்து, மேலே வெள்ளிச் செதில் செதிலாக உதிரும். தொட்டால் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. ஆனாலும் லயத்தில் தண்ணீர்ப் பீலியடியில் ஒதுங்கி நிற்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆடி, ஆவணியில் ஊவாப் பக்கம் வீசும் வறண்ட கச்சான் காற்றுத்தான் நம் தேயிலைக்கு உலகம் தேடும் அந்த வாசனையைக் கொடுக்கிறது. அதே காற்று அக்காவின் தோலைப் பாளம் பாளமாக வெடிக்க வைக்கும். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியிலும் உச்சந்தலையிலும் நாள் முழுக்க அழுந்தும். உரசுகிற, கீறுகிற இடத்தில் புதிதாகப் படை எழும்புவது இந்த நோயின் குணம். ஜெர்மன் டொக்டர் ஹைன்ரிச் கோப்னர் 19ஆம் நூற்றாண்டிலேயே அதைக் கவனித்து எழுதினார். இன்றைக்கும் அந்தக் குணத்துக்கு அவர் பெயர்தான்.

பூசும் மருந்து, பிறகு வாரத்துக்கு ஒருநாள் விழுங்கும் மெதொட்ரெக்சேட் என்று இவ்வளவு காலம் ஓடிவிட்டது. இப்போது விரல் மூட்டுகளும் வீங்கத் தொடங்கிவிட்டன. சொரியாசிஸ் தோலோடு நிற்காமல் மூட்டுக்கு இறங்குவதும் உண்டு. கொழுந்து கிள்ளுகிறவருக்கு விரல் போனால் என்ன மிஞ்சும்? அதனால்தான் டொக்டர் புதிய ஊசியைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அந்த ஊசி என்ன செய்கிறது என்று முதலில் சொன்னேன்.

நம் உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. கிருமி வந்தால் அடிக்க வேண்டிய காவல். சொரியாசிஸில் அந்தக் காவல் எதிரியில்லாத இடத்தில் சண்டை போடுகிறது. தோலின் மேல்செல் கீழே பிறந்து மேலே வந்து உதிர ஒரு மாதம் அளவில் ஆக வேண்டும். இந்த நோயில் சில நாட்களிலேயே வந்து குவிந்துவிடுகிறது. காவல்காரர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் சேதிகள்தான் இதற்குக் காரணம். அந்தச் சேதிகளில் ஒன்றின் பெயர் டி.என்.எஃப். இன்னும் இரண்டு, இன்டர்லூகின் 17, இன்டர்லூகின் 23. பயோலொஜிக் எனப்படும் உயிரியல் ஊசிகள் இந்தச் சேதிகளில் ஒன்றை மட்டும் குறிபார்த்துப் பிடித்து நிறுத்துகின்றன. இன்ஃப்லிக்ஸிமாப், அடாலிமுமாப், செகுகினுமாப் என்று பெயர்கள் வாயில் நுழையாது. கடைசியில் ‘மாப்’ என்று முடிந்தால் அது ஒரே அச்சில் வார்த்த எதிர்ப்புப் புரதம் என்று அர்த்தம். உயிருள்ள செல்களை வளர்த்து அவற்றிடமிருந்து எடுப்பதால் விலை கூடியது. 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் ஸைடஸ் கம்பெனி அடாலிமுமாப்புக்கு உலகின் முதல் நிகர் மருந்தைக் கொண்டுவந்த பிறகு நம் பக்கத்து நாடுகளில் விலை இறங்கத் தொடங்கியது. ஆனாலும் தோட்டக் கூலியில் வாங்கக்கூடிய சாமான் இல்லை. அக்காவுக்குக் கொழும்பிலிருக்கும் மகன் பாதி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

“சரி தம்பி, அது தோலுக்குத்தானே. நெஞ்சு எங்க வந்துச்சு?”

காசநோய்க் கிருமி நெஞ்சுக்குள் போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை. இதைத்தான் நம் ஆட்கள் பலர் அறியாமல் இருக்கிறார்கள். இருமுகிற ஒருவரிடமிருந்து காற்றில் வந்த கிருமி நுரையீரலில் இறங்குகிறது. காவல் அதைச் சூழ்ந்துகொள்கிறது. கொல்ல முடியாவிட்டாலும் சுற்றிவரச் செல்களை அடுக்கி, உள்ளே வைத்து மூடிவிடுகிறது. கடுகளவு முடிச்சு. அதற்குள் கிருமி சாகாமலும் வளராமலும் பத்து வருஷம், நாற்பது வருஷம் கிடக்கும். அந்த மனிதருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. அவரிடமிருந்து யாருக்கும் தொற்றவும் தொற்றாது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்படி உறங்கும் கிருமி இருக்கலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. அவர்களில் வாழ்நாளில் நோயாக எழும்புவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான்.

“அக்கா, ராத்திரி அடுப்பை என்ன செய்வீங்க?”

“தணலைச் சாம்பல் போட்டு மூடி வைப்பேன். காலையில கிளறி ஊதினா பத்திக்கும். தீப்பெட்டி மிச்சம்.”

“அதேதான். உள்ளே தணல், மேலே சாம்பல். சாம்பல் கலையாத வரைக்கும் அடுப்பு ஆறின மாதிரித்தான் தெரியும். அந்தச் சாம்பலைக் கலையாமல் பிடிச்சு வைக்கிற கைகளில் ஒன்று டி.என்.எஃப்.”

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். புரிந்துவிட்டது. தோலில் வீண் சண்டை மூட்டும் அதே சேதிதான் நுரையீரலில் கிருமியைப் பூட்டி வைக்கவும் வேண்டியிருக்கிறது. ஊசி அந்தச் சேதியை நிறுத்தும்போது தோல் ஆறுகிறது. உள்ளே தணல் இருந்தால் சாம்பலும் கலைகிறது. டொக்டர் நெஞ்சுப் படம் கேட்டது அக்காவைச் சந்தேகப்பட்டு அல்ல. தணல் இருக்கிறதா என்று பார்க்காமல் சாம்பலில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இந்தக் கவனம் டொக்டர்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. இன்ஃப்லிக்ஸிமாப் 1998இல் அமெரிக்காவில் குடல் நோய்க்கும், அடுத்த வருஷம் மூட்டுவாதத்துக்கும் அனுமதி பெற்றது. 2001இல் ஜோசப் கீன் என்ற டொக்டரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை உலகமெங்கும் ஏறத்தாழ 1,47,000 பேருக்கு அந்த மருந்து ஏற்றப்பட்டிருந்தது. அமெரிக்க மருந்து நிர்வாகத்துக்கு வந்த முறைப்பாடுகளை அவர்கள் புரட்டியபோது 70 பேருக்குக் காசநோய் எழும்பியிருந்தது. அவர்களில் 48 பேருக்கு மூன்று தரமோ அதற்குக் குறைவாகவோ மருந்து ஏறிய அளவில், அதாவது சில வாரங்களில், நோய் வந்துவிட்டது. 70இல் 64 பேர் காசநோய் குறைவாக உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். பல வருஷங்களுக்கு முன்னால் எங்கேயோ வாங்கி வைத்திருந்த பழைய தணல் அது.

அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்தி வைத்த கணக்கு வேறொன்று. 40 பேருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருந்தது. கழுத்துக் கட்டியில், வயிற்றில், எலும்பில், ஒருவருக்கு மூளை உறையில். 17 பேருக்கு உடம்பெல்லாம் பரவியிருந்தது. இருமலுக்காகக் காத்திருந்தால் இவர்களில் பலரைத் தவறவிட்டிருப்போம். சாம்பல் கலைந்த வீட்டில் தீ எந்த மூலையில் பற்றும் என்று சொல்ல முடியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஸ்பெயின் நாட்டு டொக்டர்கள் உயிரியல் ஊசி போடும் நோயாளிகளைப் பதிவேட்டில் எழுதி வந்தார்கள். 2002இல் ஒரு விதி செய்தார்கள்: ஊசிக்கு முன் எல்லாருக்கும் நெஞ்சுப் படம், தோல் சோதனை, உறங்கும் கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. அதன் பிறகு அந்த நோயாளிகளிடையே காசநோய் 78 வீதம் குறைந்தது. விதியை முழுதாகப் பின்பற்றாத இடங்களில் ஆபத்து ஏழு மடங்கு என்றும் பின்னர் கண்டார்கள். அக்காவின் கையிலிருந்த துண்டுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான். ஒரு நெஞ்சுப் படமும் முன்கையில் ஒரு சின்னக் குத்தும் இவ்வளவு ஆபத்தைத் தள்ளி வைக்கும் என்றால் அதைவிட மலிவான காவல் எனக்குத் தெரியவில்லை.

எல்லா ஊசியும் ஒரே அளவு சாம்பலைக் கலைப்பதில்லை. இதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பயம் மட்டும்தான் மிஞ்சும். பிரிட்டனில் மூட்டுவாத நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், ஒரு லட்சம் பேரை ஒரு வருஷம் கவனித்தால் அடாலிமுமாப் போட்டவர்களில் 144, இன்ஃப்லிக்ஸிமாப் போட்டவர்களில் 136, எட்டனர்செப்ட் போட்டவர்களில் 39 என்ற அளவில் காசநோய் வந்ததாக 2010இல் எழுதினார்கள். மூன்றும் டி.என்.எஃப். சேதியைத்தான் நிறுத்துகின்றன, ஆனால் பிடிக்கும் விதம் வேறு. இன்டர்லூகின் 17, 23 ஆகியவற்றைக் குறிவைத்துப் பின்னால் வந்த ஊசிகளில் ஆபத்து இன்னும் மிகக் குறைவு. செகுகினுமாப் போட்ட 12,319 பேரின் விபரங்களை 28 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2021இல் வெளியிட்டார்கள்; ஒருவருக்கும் நோய் எழும்பவில்லை. அவர்களில் சிலருக்கு முன்பே உறங்கும் கிருமி இருந்து, அதற்கு மருந்தும் எடுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால் புதிய ஊசிக்கும் சோதனை முன்னால்தான் வரும். காசநோய் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு எந்த ஊசி என்று கேட்காமலே கையை நீட்டக் கூடாது. “எனக்குப் போடப் போறது எந்த வகை டொக்டர்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நம் நாட்டில் வருஷத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேர் என்ற அளவில் காசநோயாளிகள் பதிவாகி வந்திருக்கிறார்கள். இந்தியாவோடு வைத்துப் பார்த்தால் குறைவு; உலகத்துக் காசநோயில் ஏறத்தாழ கால்வாசி அங்கே. ஆனால் தோட்டத்து லயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை, சன்னலைத் திறந்தால் பனி, மூடினால் விறகுப் புகை. 2016இல் நாடு முழுக்க எடுத்த குடும்ப சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம். தலைமுறை தலைமுறையாக வயிறு காய்ந்த வீட்டில் காவலும் மெலிந்துதான் இருக்கும். சராசரி என்ன சொன்னாலும் நம் லயங்களில் தணல் இருக்கக்கூடும் என்று எண்ணித்தான் தொடங்க வேண்டும்.

இனித் துண்டில் எழுதியிருந்த சோதனைக்கு வருவோம். அதன் பெயர் மான்டூ. பிரெஞ்சு டொக்டர் சார்ல்ஸ் மான்டூவின் பெயர். நூறு வருஷத்துக்கு மேல் பழமையானது. முன்கையின் தோலுக்குள் ஒரு மில்லிலீட்டரில் பத்தில் ஒரு பங்கு மருந்தை ஏற்றுவார்கள். காவல் அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால் அந்த இடம் தடித்து எழும்பும். 48 மணித்தியாலத்துக்கும் 72 மணித்தியாலத்துக்கும் இடையில் வந்து காட்ட வேண்டும். சிவப்பை அளக்க மாட்டார்கள், விரலால் தடவிப் பார்த்துத் தடிப்பை மட்டும் அளப்பார்கள். சாதாரண ஆளுக்கு 10 மில்லிமீட்டர் என்று பார்க்கிற இடத்தில், இப்படி ஊசி போடப் போகிறவர்களுக்கு 5 மில்லிமீட்டரையே கணக்கில் எடுப்பது வழக்கம்.

சொரியாசிஸ்காரர்கள் ஒன்றைச் சொல்ல வேண்டும்: படையில்லாத நல்ல தோலில் குத்தச் சொல்லுங்கள். கோப்னர் சொன்ன குணம் இங்கேயும் வேலை செய்யும். குத்திய இடத்தில் படை எழும்பினால் எது தடிப்பு, எது படை என்று பிரிப்பது கஷ்டம். பிறந்தவுடன் இடது தோளில் போட்ட பீ.சீ.ஜீ. தடுப்பூசியும் சிலருக்கு இந்தச் சோதனையில் தடிப்பைக் காட்டிவிடும். பீ.சீ.ஜீ.யால் குழம்பாத இரத்தச் சோதனை ஒன்று இருக்கிறது, ஐ.ஜி.ஆர்.ஏ. என்று பெயர், செலவு கூடியது. மறுபக்கம், மெதொட்ரெக்சேட்டோ ஸ்டீரொயிட் மாத்திரையோ எடுத்துக்கொண்டிருப்பவரின் காவல் தூங்கி, தணல் இருந்தும் கை தடிக்காமல் போகலாம். அதனால்தான் படம், தோல் சோதனை, வாய்க்கேள்வி மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

“மூணு நாள்ல திரும்பப் பதுளைக்கு…” அக்கா விரலை மடக்கினார். இரண்டு பயணம், இரண்டு நாள் பேர் இல்லை, அதாவது கூலி இல்லை. போன முறை அரைநாள் லேட்டானதற்கே அரைப்பேர்தான் போட்டார்களாம்.

இந்த இடத்தில்தான் பலர் நழுவுகிறார்கள். முதல் நாள் குத்திக்கொண்டு போவார்கள், வாசிக்க வரமாட்டார்கள். 72 மணித்தியாலம் தாண்டி வந்தால் அளவு செல்லாது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதுளையின் மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு பெரகலவிலிருந்து எழும்பிப் போவது என்றால் விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே இறங்க வேண்டும். வாசிக்கும் வேலையைக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் செய்ய முடியுமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். தோட்டத்து நிர்வாகம் இந்த இரண்டு நாளுக்கும் கிளினிக் துண்டைப் பார்த்துப் பேர் போட்டால் எத்தனையோ குடும்பத்துக்கு நல்லது. கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். கை தடித்ததா இல்லையா என்று தெரியாமலே ஒரு பெண் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒருநாள் கூலிக்குப் பயந்து நல்ல சிகிச்சையைக் கைவிடவும் கூடாது.

நான் அதிகம் பேச நினைத்தது வாய்க்கேள்வியைப் பற்றி.

“உங்கள் வீட்டில், பக்கத்தில் யாருக்காவது காசநோய் இருந்ததா?” டொக்டர் இதைக் கேட்பார். ஒரு நிமிஷக் கேள்வி. இந்தக் கேள்விக்குத்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் பொய் சொல்கிறார்கள். பொய் என்று தெரிந்து சொல்வதும் இல்லை. அந்தக் காலத்திலிருந்தே அந்தப் பெயரை வீட்டில் உச்சரிக்காமல் வளர்ந்துவிட்டோம். என் தாத்தா இருமி இருமிச் செத்தார். எங்கள் வீட்டில் அதற்கு ‘சளி’ என்றுதான் பெயர். அவர் தட்டு, கோப்பை தனியாக இருந்ததும், அவர் போன பிறகு அவற்றை ஆற்றில் விட்டதும் நான் கண்ணால் பார்த்தவை. நான் மருந்தகத்தில் சேர்ந்து பத்து வருஷம் கழித்துத்தான் அம்மா அந்தப் பெயரைச் சொன்னார். அதுவரை எந்த டொக்டர் கேட்டாலும் நான் ‘இல்லை’ என்றே சொல்லி வந்தேன்.

அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த திருநெல்வேலிச் சனத்தின் கதையைத் ‘துன்பக்கேணி’யாக எழுதிய புதுமைப்பித்தன் 1948இல் காசநோயில்தான் போனார், நாற்பத்திரண்டு வயதில். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அவருக்கு மருந்து காலத்தோடு உதவவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்குள்ளேயே சென்னையில் ஒரு பெரிய காரியம் நடந்தது. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தில் வாலஸ் ஃபொக்ஸ் என்ற டொக்டரின் தலைமையில், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை நெரிசலான அவர்களின் வீட்டிலும் வைத்து ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. மருந்தை ஒழுங்காக விழுங்கத் தொடங்கினால் தொற்றும் சக்தி சீக்கிரம் இறங்கிவிடுகிறது. தட்டைப் பிரித்து வைக்கிற வழக்கத்துக்கு அந்த வருஷமே அடிப்படை போய்விட்டது. நம் வீடுகளில் மட்டும் அது இன்னும் போகவில்லை.

அக்கா ஒன்றும் பேசவில்லை. கோப்பையின் அடியில் தங்கியிருந்த இஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவசரப்படுத்தவில்லை.

சோதனையில் தணல் இருப்பதாகத் தெரிந்தால் ஊசி கிடைக்காது என்று அர்த்தமில்லை. உறங்கும் கிருமியைக் கொல்ல மாத்திரை இருக்கிறது. ஐசோனியசிட்டை ஆறு மாதமோ ஒன்பது மாதமோ தினமும் எடுப்பது பழைய வழி. ஐசோனியசிட்டோடு ரிஃபபென்டினைச் சேர்த்து வாரத்துக்கு ஒருமுறை, பன்னிரண்டு வாரம் எடுப்பது புதிய குறுகிய வழி. எது யாருக்கு என்பதை மார்பு நோய் டொக்டரும் தோல் டொக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த மாத்திரையைத் தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் ஆன பிறகே உயிரியல் ஊசியைத் தொடங்குவது பொதுவான நடைமுறை. உறங்காமல் எழும்பியே இருக்கிற நோய் என்று படம் காட்டினால் வழி வேறு: முதலில் நான்கு மருந்துகளோடு தொடங்கும் ஆறு மாதச் சிகிச்சை. அது நம் நாட்டில் அரச நிலையங்களில் இலவசம்.

ஐசோனியசிட் ஈரலைத் தொடும். அக்கா ஏற்கெனவே வாரம் ஒருநாள் விழுங்கும் மெதொட்ரெக்சேட்டும் ஈரலைத் தொடும். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது இரத்தம் எடுத்து ஈரலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சாராயம், கசிப்பு எதுவானாலும் அந்த மாதங்களில் வேண்டாம். பெண்களிடம் இதை யாரும் கேட்பதில்லை. உடம்பு வலிக்கு என்று சாயந்தரம் கொஞ்சம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். சோறு பிடிக்காமல் போவது, குமட்டல், மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது: இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையோடு ஓடிப் போக வேண்டும், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது. கை கால் விரல் எரிவு, மரத்துப் போதல் வராமலிருக்க பி6 விட்டமினையும் கூடவே தருவார்கள்.

இன்னொன்று, இது நம் நாட்டு டொக்டர் கண்டுபிடித்தது என்பதால் எனக்குச் சொல்ல ஆசை. காசநோய் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த சிலர் மீன் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து வந்தார்கள். சி. ஜி. உரகொட என்ற மார்பு நோய் டொக்டர் 1970களின் கடைசியில் அதன் காரணத்தை எழுதினார். சூரை போன்ற மீன் கொஞ்சம் பழுதானால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடிவிடும். அதை உடைக்கும் உடம்பின் வேலையை ஐசோனியசிட் தடுத்துவிடுகிறது. சிங்களத்தில் பலயா என்பதும் இந்த வகைதான். கடலிலிருந்து பெரகலவுக்கு மீன் ஏறி வரும் நேரத்தை நினைத்தால் அந்த மாதங்களில் அதை விட்டுவிடுவது நல்லது. தேயிலை கலக்கும் இடங்களில் வேலை செய்தவர்களின் மூச்சு நோய் பற்றி 1980இல் கட்டுரை எழுதியவரும் இதே உரகொடதான். தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் இருமினால் ‘தேயிலைத் தூசி’ என்று தள்ளிவிடுகிறோம். தூசியாகவும் இருக்கலாம். இரண்டு வாரம் தாண்டினால் சளியைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

ஊசி தொடங்கிய பிறகும் இந்தக் கவனம் வேண்டும். சோதனை இன்றைக்குச் சுத்தம் என்றால் நாளைக்குப் புதிதாகக் கிருமி வாங்க முடியாது என்று இல்லை. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் போதும். மாலைக் காய்ச்சல், ராத்திரி நனைய நனைய வியர்வை, காரணமில்லாமல் மெலிவது, கழுத்தில் கட்டி, நாள்பட்ட வயிற்று வலி, முதுகெலும்பு வலி. இருமல் இல்லாவிட்டாலும் இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன் சொல்ல வேண்டும். எந்த டிஸ்பென்சரிக்குப் போனாலும், “நான் இந்த ஊசி போடுறேன்” என்று கொப்பியைக் காட்ட வேண்டும். தெரியாத ஒருவர் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்.

பெயரில்லாத பொடி, உருண்டை பற்றியும் அக்காவிடம் கேட்டேன். ஒரு காலத்தில் சந்தையில் வாங்கிச் சாப்பிட்டாராம். இரண்டு வாரத்தில் தோல் கண்ணாடி மாதிரி ஆனது, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகப் பொங்கியது. அப்படி வேகமாக ஆற்றிவிட்டு நிறுத்தியதும் பொங்கினால் அதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம் என்றுதான் நான் எண்ணுவேன். ஸ்டீரொயிட்டை நாள்கணக்கில் விழுங்குவதும் சாம்பலைக் கலைக்கும், யாரும் படம் எடுத்துப் பார்க்காமலே.

கொழும்பு பஸ் ஒன்று வந்து போனது. அக்கா எழும்பவில்லை.

“தம்பி,” என்றார். “எங்க மாமனார் ஆறு மாசம் மாத்திரை குடிச்சாரு. பதுளைக்குத்தான் போய் எடுத்துட்டு வருவாரு. நான் கல்யாணம் முடிச்சு வந்த புதுசு. நான்தான் சோறு போட்டேன். அது டீ.பீ.தான். வூட்டுக்காரரு யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. இன்னைக்கு டொக்டர் கேட்டாங்க. இல்லைன்னுட்டேன்.”

எத்தனை வருஷம் என்று கேட்டேன். மூத்தவன் வயிற்றில் இருந்த வருஷம் என்றார். விரல்விட்டு எண்ணினோம், இருபத்தெட்டு.

“அடுத்த தரம் போய்ச் சொல்றேன். ஆனா சிங்களத்துல அதை எப்படிச் சொல்றது? நர்சு நோனா கேக்கும்போது எனக்கு வாய் வராது. பின்னால வரிசையில நம்ம தோட்டத்து ஆளுங்க நிப்பாங்க.”

சொல்ல வேண்டாம், எழுதிக் காட்டினால் போதும் என்றேன். பேனாவை எடுத்து, துண்டின் பின்பக்கத்தில் மாமனார், வீட்டில் கூட இருந்தவர், 28 வருஷத்துக்கு முன் ஆறு மாத மருந்து என்று சிங்களத்தில் எழுதினேன். நோயின் பெயரை எழுதும்போது அக்கா எட்டிப் பார்த்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். க்ஷய ரோகய, என்று வாசித்துக் காட்டினேன்.

“சயரோகம்,” என்றார் அக்கா. “நம்ம சொல்லுத்தானே.”

துண்டை நாலாக மடிக்காமல் கொப்பியின் முதல் பக்கத்தில் விரித்து வைத்தார். கொஸ்லந்தப் பக்கம் போகும் பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது.